கண்ணாடித் தொட்டியில் ஓர் அமானிதம்



நம் விருதுநகர் மாவட்டத்திற்குக் கடற்கரை கிடையாது. மழை குறைந்த, காற்றில் ஈரம் குறைந்த இந்தக் கரிசல் பூமியின் வறட்சியே சிவகாசிக்குத் தீப்பெட்டித் தொழிலையும் பட்டாசுத் தொழிலையும் தந்தது. இத்தகைய ஊரில் கடல்நீர் மீன்தொட்டி வைப்பவர்கள் இப்போது ஆங்காங்கே தென்படுகிறார்கள். என் வீட்டிலும் ஒன்று உண்டு. ஜும்ஆ தொழுகை முடிந்து வெளியே வரும்போது, "எந்தக் கடையில் வாங்கினீர்கள்? மீன் சாகாமல் இருக்கிறதா?" என்று கேட்கும் பெற்றோர்களுக்கு நான் சொல்லிவந்தவற்றைச் சற்று விரிவாக இங்கே எழுதுகிறேன்.

இப்படி உயிர்களை வீட்டில் வளர்ப்பது கூடுமா என்பதே பலரின் முதல் கேள்வி. அனஸ் (ரலி) அவர்களின் தம்பி அபூ உமைர் ஒரு சிறு பறவையை வளர்த்ததும், அது இறந்தபோது துயருற்றிருந்த அந்தச் சிறுவரிடம் நபி (ஸல்) அவர்கள் அதைப் பற்றி அன்போடு விசாரித்ததும் ஹதீஸ் நூல்களில் பதிவாகியுள்ளன. உயிர்களைப் பராமரிப்புடன் வளர்க்கலாம் என்பதற்கு மார்க்க அறிஞர்கள் இதை ஆதாரமாகக் கொள்வர். அதே நேரத்தில், ஒரு பூனையை அடைத்துவைத்து, உணவும் கொடுக்காமல், தானே தேடித் தின்ன விடவும் செய்யாமல் சாகடித்த பெண் அதன் காரணமாகவே தண்டிக்கப்பட்டாள் என்ற எச்சரிக்கையும் ஹதீஸில் உண்டு. இவ்விரண்டையும் சேர்த்தே படிக்க வேண்டும். அடைத்துவைத்தவன்மீது முழுப் பொறுப்பும் வந்துவிடுகிறது. கண்ணாடித் தொட்டியும் ஓர் அடைப்புதான்.

அந்தப் பொறுப்பு மீன் வாங்குவதற்கு முன்பே தொடங்கிவிடுகிறது. உப்பு கரைத்த தண்ணீர் மட்டும் கடல்நீர் ஆகிவிடாது. மீனின் கழிவிலிருந்து உண்டாகும் அம்மோனியா நஞ்சு. அதை நைட்ரைட்டாகவும் பின்பு நைட்ரேட்டாகவும் மாற்றும் நுண்ணுயிர்கள் தொட்டியில் பெருகுவதற்குப் பொதுவாக 4 முதல் 6 வாரங்கள் ஆகும். நம் ஊர்க் கோடையில் அறை வெப்பம் 30 டிகிரியை எளிதில் தாண்டும். இம்மீன்களுக்கோ 25 முதல் 27 டிகிரி ஏற்றது. வறண்ட காற்றில் நீர் விரைவாக ஆவியாகிறது. ஆனால் உப்பு தொட்டியிலேயே தங்கிவிடுகிறது. எனவே குறைந்த அளவுக்கு உப்பு நீரை ஊற்றாமல், ஆர்.ஓ. தண்ணீரையே ஊற்ற வேண்டும். நீர்ப்பரப்பின்மேல் காற்று வீசும்படி ஒரு சிறு மின்விசிறியை வைத்தால் வெப்பம் ஓரளவு தணியும். இவையெல்லாம் நிலைப்பட்ட பிறகுதான் கடைக்குப் போவது முறை.

சிவகாசி, லேபிள் அச்சிடும் ஊர். பெட்டிமேல் ஒட்டிய வண்ணப்படத்தைப் பார்த்துச் சரக்கு வாங்கிப் பழகிய கண்கள் நமக்கு. மீனின்மீது லேபிள் இல்லை. எங்கே பிடிபட்டது, எத்தனை நாள் பட்டினி கிடந்தது, என்ன மருந்தில் மூழ்கி எழுந்தது என்று அது தானே சொல்லவும் மாட்டாது. வாயில்லா ஜீவனை விற்கும்போது ஏமாற்று எவ்வளவு எளிது என்பதை நம் மார்க்கம் அன்றே கண்டு தடுத்திருக்கிறது. ஆட்டையும் ஒட்டகத்தையும் விற்பதற்கு முன் சில நாள் பால் கறக்காமல் விட்டு, மடியைப் பெருக்கிக் காட்டி விற்பதை நபி (ஸல்) அவர்கள் தடுத்தார்கள். அப்படி ஏமாந்து வாங்கியவருக்கு, கறந்து பார்த்த பின் வைத்துக்கொள்ளவோ ஒரு ஸாஉ பேரீச்சம்பழத்துடன் திருப்பிக் கொடுக்கவோ உரிமை உண்டு என்றும், முஸ்லிமின் ஓர் அறிவிப்பில் அதற்கு மூன்று நாள் தவணை என்றும் வந்துள்ளது.

மீன் கடையில் அந்தப் பெருத்த மடிக்கு நிகரானது நீல விளக்கு. அந்த ஒளியில் வெளிறிய மீனும் மின்னும். தோலில் படிந்த வெண்புள்ளியும் எளிதில் கண்ணுக்குத் தெரியாது. எல்லாரும் ஏமாற்றுவதற்காகவே அதைப் போடுகிறார்கள் என்று நான் சொல்லவில்லை; பவள வகைகளுக்கு அது பொருத்தமான ஒளிதான். ஆனாலும் வாங்குபவர், "கொஞ்சம் வெள்ளை விளக்கைப் போடுங்களேன்" என்று கேட்கத் தயங்கக் கூடாது.

விருதுநகரிலிருந்து ஏறத்தாழ 50 கிலோமீட்டர் தொலைவிலுள்ள மதுரையில் ஒரு கடைக்கு என் மகளையும் அழைத்துச் சென்றேன். அவளுக்குப் பதின்மூன்று வயது. தொட்டி வேண்டும் என்று கேட்டவளும் அவள்தான். எதைப் பார்க்க வேண்டும் என்று முன்கூட்டியே இருவரும் பேசி வைத்திருந்தோம். செவுள் மூடி பக்கத்து மீனைவிட வேகமாக அடித்துக்கொள்கிறதா? வயிறு உள்ளொடுங்கியிருக்கிறதா? கண் தெளிவாக இருக்கிறதா? துடுப்பு மடங்கியோ கிழிந்தோ இருக்கிறதா? பாறையில் உடலை உரசிக்கொள்கிறதா? நாம் விரும்பும் மீனை மட்டும் பார்த்தால் போதாது. பல கடைகளில் வரிசையாக உள்ள தொட்டிகள் அனைத்திற்கும் ஒரே நீர்தான் சுற்றிவரும்; ஒரு தொட்டியில் நோய் இருந்தால் மற்றவற்றிலும் அதன் கிருமி இருக்கும்.

அங்கே ஒரு தொட்டியின் மூலையில், நீர்ப்பரப்பை ஒட்டி ஒரு கோமாளி மீன் தனியே நின்றிருந்தது. மற்றவை ஓடியாட, அது மட்டும் வாயைத் திறந்து திறந்து மூடிக்கொண்டிருந்தது. என் மகள் மற்ற மீன்களை மறந்துவிட்டாள்.

"அத்தா, இதை நாம வாங்கிட்டுப் போய் மருந்து கொடுத்தா பிழைச்சுக்கும்ல?"

அவளுக்கு நான் விளக்கினேன். நாம் இதை வாங்கினால் கடைக்காரர் கணக்கில் அது 'விற்பனை' என்றே பதியும். நோயுற்ற மீனுக்கும் விலை கிடைக்கும் என்றால், நோய் வராமல் காப்பதற்கு யார் செலவழிப்பார்? காலியான இடத்திற்குக் கடலிலிருந்து இன்னொன்று வந்து சேரும். அவள் எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, "ஆனா இந்த மீனுக்கு அதெல்லாம் தெரியாதே அத்தா" என்றாள்.

அந்தச் சொல்லுக்கு என்னிடம் முழுமையான பதில் இருக்கவில்லை. இப்போதும் இல்லை. இரக்கம் பாவமல்ல, உயிருள்ள எதற்கும் செய்யும் உபகாரத்திற்குக் கூலி உண்டு என்பதை, தாகித்த நாய்க்கு நீர் புகட்டிய மனிதரின் வரலாற்றிலிருந்து நாம் அறிந்திருக்கிறோம். ஆயினும் விலை கொடுத்து வாங்குவது ஒன்றே இரக்கத்தின் வழி என்று ஆகிவிடாது. நான் கடைக்காரத் தம்பியைத் தனியே அழைத்து, மற்றவர்கள் காதில் விழாதபடி, "அந்த மீனுக்கு மூச்சு வாங்குது தம்பி, தனியா எடுத்து வைக்க முடியுமா?" என்றேன். அவர் கோபித்துக்கொள்ளவில்லை. வந்து பார்த்தார், உடனே அதைப் பின்னறையில் வேறொரு தொட்டிக்கு மாற்றினார். "காலையில பார்த்தப்போ நல்லாத்தான் இருந்துச்சு பாய்" என்றார்.

அன்று நாங்கள் எதையும் வாங்கவில்லை. வேறொரு தொட்டியில் நன்றாக நீந்திக்கொண்டிருந்த இரண்டு கோமாளி மீன்கள் எப்போது வந்தவை என்று கேட்டோம். முந்தைய நாள்தான் வந்தனவாம். பயணக் களைப்பும் நோயும் பல நேரங்களில் ஓரிரு நாள் கழித்தே வெளிப்படும் என்பதால், பத்து நாள் கழித்து வருகிறோம் என்றோம். முன்பணம் கொடுத்தோம், மீனுக்கு ஏதேனும் ஆனாலோ குறை தெரிந்தாலோ முழுத் தொகையும் திரும்பி வர வேண்டும் என்று பேசிக்கொண்டோம். ஹனஃபி, ஷாஃபிஈ ஆகிய இரு மத்ஹபுகளின் சட்டத்திலும், வாங்குபவர் கைக்கு வந்து சேரும் முன் பொருள் அழிந்தால் இழப்பு விற்றவருடையதே. ஆயினும் வாய்விட்டுப் பேசிவைப்பது மனக்கசப்பைத் தவிர்க்கும். குறையுள்ள பொருளைத் திருப்பிக் கொடுக்கும் உரிமை ஃபிக்ஹில் இருப்பது உண்மைதான். ஆனால் மீன் நம் வீட்டு நீரில் இறங்கிவிட்டால், குறை கடையிலிருந்து வந்ததா நம் தொட்டியில் உண்டானதா என்று யாரால் தீர்ப்புச் சொல்ல முடியும்? முன்கூட்டியே பார்த்து வாங்குவது இருவர் மானத்தையும் காக்கிறது.

பதினோராம் நாள் போனோம். என் மகள் முதலில் கேட்டது அந்த நோயுற்ற மீனைப் பற்றித்தான். "அது தங்கலம்மா, மூணாம் நாளே போயிடுச்சு" என்றார் அவர். நன்றாகிவிட்டது, விற்றுவிட்டேன் என்று சொல்லியிருக்கலாம், நமக்குத் தெரிந்திருக்காது. அவள் கண் கலங்கியது. எனக்கோ அந்த உண்மையைக் கேட்ட பிறகுதான் இவரிடம் வாங்கலாம் என்ற நம்பிக்கை உறுதியாயிற்று. விற்பவரும் வாங்குபவரும் உண்மை பேசிக் குறையை வெளிப்படுத்தினால் அந்த வியாபாரத்தில் பரகத் இறங்கும். மறைத்துப் பொய் சொன்னால் பரகத் அழிக்கப்படும் என்பது நபிமொழி. தானியக் குவியலுக்குள் கைவிட்டு, மேலே காய்ந்தும் உள்ளே நனைந்தும் இருந்ததைக் கண்டறிந்த நபி (ஸல்) அவர்கள், மக்கள் பார்க்கும்படி ஈரத்தை மேலே வைத்திருக்கக் கூடாதா என்று அந்த வியாபாரியைக் கண்டித்தார்கள். இந்தத் தம்பி முஸ்லிம் அல்லர். ஆனாலும் ஈரத்தை மேலே வைத்தார்.

எங்கள் கண்முன்னே தீனி போடச் சொன்னோம். இரண்டும் பாய்ந்து தின்றன. உண்ணும் மீனே வாங்கத்தக்க மீன். தொட்டி நீரின் உப்பளவைக் கேட்டோம். கடைகளில் ஒட்டுண்ணியை அடக்குவதற்காக அதைக் குறைத்து வைப்பது உண்டு. வீட்டில் அளவு 1.025 ஆக இருந்தால் மீனை மெல்ல மெல்லப் பழக்க வேண்டும். தாமிர மருந்து போட்டிருக்கிறார்களா என்றும் கேட்டோம். மீனைக் காக்கும் அம்மருந்து இறாலையும் நத்தையையும் கொன்றுவிடும். எனவே கடை நீரை நம் தொட்டியில் ஊற்றவே கூடாது.

வீட்டிற்கு வந்ததும் மீன்களை நேராகப் பெரிய தொட்டியில் விடாமல், தனிமைத் தொட்டி ஒன்றில் நான்கு வாரங்கள் வைத்தோம். வெண்புள்ளி நோயின் ஒட்டுண்ணி சில நாள் மீனின் உடலில் தங்கி, உதிர்ந்து, அடியில் கூடுகட்டிப் பெருகி, மீண்டும் வந்து பற்றும். புள்ளி மறைந்ததால் நோய் போய்விட்டது என்று எண்ணிவிடக் கூடாது.

எவ்வளவு ஆரோக்கியமாக இருந்தாலும் வாங்கக் கூடாதவையும் உண்டு. பவளத்தையே தின்று வாழும் சில வண்ணத்துப்பூச்சி மீன்கள் நம் வீட்டில் பட்டினியால்தான் சாகும். கடற்குதிரையும் பவளப்பாறைகளும் 1972ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் பாதுகாப்பில் 2001இல் சேர்க்கப்பட்டவை. நம் கடலிலிருந்து எடுத்து விற்கப்படும் இவற்றை வாங்குவது குற்றத்திற்குத் துணைபோவதாகும். இராமேசுவரத்திற்கும் தூத்துக்குடிக்கும் இடையே 21 தீவுகளைக் கொண்ட மன்னார் வளைகுடா 1986இல் கடல்சார் தேசியப் பூங்காவாக அறிவிக்கப்பட்டது. கீழக்கரையிலும் ஏர்வாடியிலும் நம் உறவுகள் வாழ்வது அக்கடலின் கரையில்தான். வேறு சில நாடுகளில் நிலைமை இதைவிடக் கொடியது. பிலிப்பைன்ஸில் 1960களிலிருந்து, பாறை இடுக்கில் சயனைடு பீய்ச்சி மீனை மயக்கிப் பிடிக்கும் வழக்கம் இருந்துவந்துள்ளது. மீன் மயங்குகிறது, பவளம் சாகிறது.

எனவேதான் கடலில் பிடித்ததை விடுத்து, குஞ்சு பொரிப்பகத்தில் பிறந்ததைக் கேட்டு வாங்கினோம். மண்டபத்திலுள்ள மத்தியக் கடல் மீன்வள ஆராய்ச்சி நிலையத்தின் மையம் கோமாளி மீன்களை இனப்பெருக்கம் செய்யும் முறையில் வெற்றி கண்டுள்ளது. பொரிப்பகத்தில் பிறந்த மீன் தொட்டிக்கும் உலர்தீனிக்கும் முன்பே பழகியது. பத்தாண்டுகளுக்கு மேலும் வாழக்கூடியது. அதாவது என் மகள் படிப்பை முடித்து வேறு வீட்டிற்குப் போன பிறகும் அவை இருக்கக்கூடும். அத்தனை காலத்திற்கும் சேர்த்துத்தான் நாம் பொறுப்பேற்கிறோம்.

இவ்வளவு செலவும் சிரமமும் ஒரு மீனுக்குத் தேவையா என்று கேட்பவர்கள் இருக்கிறார்கள். நியாயமான கேள்விதான். வீண்விரயத்தை அல்லாஹ் விரும்புவதில்லை. வரவேற்பறையின் பெருமைக்காக வாங்குவதானால், வேண்டாம் என்றே சொல்வேன். வசதியும் நேரமும் பொறுமையும் இருந்து, ஒன்றிரண்டு மீன்களோடு நிறுத்திக்கொள்ள முடிந்தால், பிள்ளைகளுக்கு அதில் ஒரு பாடம் கிடைக்கும். பேசத் தெரியாத ஓர் உயிருக்காக நாம்தான் விசாரிக்க வேண்டும், நாம்தான் காத்திருக்க வேண்டும், சில நேரம் வாங்காமலே திரும்பவும் வேண்டும் என்பதே அந்தப் பாடம்.

நம் கொடுக்கல் வாங்கலில் உண்மையையும், நம் பொறுப்பில் உள்ள உயிர்களிடம் இரக்கத்தையும் வல்ல அல்லாஹ் நமக்கும் நம் பிள்ளைகளுக்கும் தந்தருள்வானாக. ஆமீன்.