மாட்டுக்குப் பழகிய கை

காவிரிப்பூம்பட்டினத்து வீதிகளில் குவிந்து கிடந்த செல்வங்களைப் பட்டினப்பாலை அடுக்கிச் சொல்லும் இடத்தில் முதலில் வருவது கடல்வழி வந்த குதிரைகள்தாம். மிளகுப் பொதியும் பொன்னும் மணியும் அதற்கு அப்புறம். அவ்வளவு பழைய காலத்திலேயே குதிரை வந்து இறங்கிய மண் இது. ஆனாலும் குதிரை வளர்த்த மண் என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை. குதிரையை விலைக்கு வாங்கிய மண்.

13ஆம் நூற்றாண்டின் கடைசியில் பாண்டிய நாட்டைப் பார்த்த மார்க்கோ போலோ எழுதியிருப்பதைப் படித்தால் நெஞ்சு கனக்கும். அரசர் ஆண்டுக்கு 2,000 குதிரைகளுக்கு மேல் வாங்குவாராம். ஆண்டு முடிவில் 100 கூட மிஞ்சாதாம். லாடம் அடிக்கத் தெரிந்தவர் இங்கே இல்லை; அப்படிப்பட்டவர் இங்கே வந்துவிடாமல் குதிரை வியாபாரிகளே பார்த்துக்கொண்டார்கள் என்கிறார். தீனி, வேகவைத்த சோறும் இறைச்சியும். பாரசீக வரலாற்றாசிரியர் வஸ்ஸாஃப் இன்னும் விவரமாகச் சொல்கிறார். ஒரு குதிரை 220 தினார், ஆண்டுக்கு 10,000 குதிரைகள். வந்திறங்கியதும் வறுத்த தானியமும் வெண்ணெயும் காய்ச்சிய பசும்பாலும் கொடுத்து, கொழுக்கட்டும் என்று 40 நாள் முளையடித்துக் கட்டிப்போடுவார்கள். பிறகு எந்தப் பழக்கமும் கொடுக்காமல் ஏறி விரட்டுவார்கள். கொஞ்ச நாளில் நல்ல குதிரை ஒன்றுக்கும் உதவாமல் போய்விடும். இந்த எண்களில் மிகை இருக்கலாம். சொன்ன காரணங்களில் மிகை இல்லை. ஒரு செவலைப் பெண்குதிரையை வைத்துப் பராமரிக்கும் எனக்கு அது தினமும் தெரிகிறது.

நம் டெல்டாவில் வீட்டுக்கு வீடு மாடு இருந்தது. வைக்கோல், தவிடு, கழுநீர், மிஞ்சின சோறு என்று எதை அளவாகப் போட்டாலும் மாடு தின்று, படுத்து அசைபோட்டுச் செரித்துவிடும். குதிரைக்கு அசைபோடும் வயிறு கிடையாது. உடம்பின் அளவுக்கு இரைப்பை சிறியது. நாள் முழுக்கக் கொஞ்சம் கொஞ்சமாகப் புல் மேயவே அது பிறந்தது. ஒத்துக்கொள்ளாததைத் தின்றுவிட்டால் வாந்தியெடுக்கவும் அதனால் முடியாது. வயிற்று வலி வந்த குதிரை விலாவைத் திரும்பித் திரும்பிப் பார்க்கும், காலால் தரையைக் கீறும், படுத்துப் புரளும். லத்தி போடாது. அந்த நேரத்தில் கஷாயம் தேடிக்கொண்டு நிற்கக் கூடாது, டாக்டரைக் கூப்பிட வேண்டும். பண்டிகை நாளில் பிரியமாக ஊட்டிய ஒரு வாளிப் பொங்கல் போதும், குதிரை செத்துப்போக.

தவிடு இன்னொரு வகை ஆபத்து. அரிசி ஆலை இருக்கும் ஊரில் அது மலிவு, அள்ளிப் போடத் தோன்றும். அதில் பாஸ்பரஸ் மிக அதிகம், கால்சியம் குறைவு. மாதக்கணக்கில் அதையே தின்றால் எலும்பிலிருந்து கால்சியம் உருகி வெளியேறி, முக எலும்பு வீங்கிவிடும். ஐரோப்பாவில் மாவு ஆலைக்காரர்களின் குதிரைகளுக்கு வந்ததால் ஆலைக்காரர் நோய் என்றே அதற்குப் பெயர். என் குதிரைக்கு அருகம்புல், ஊறவைத்த கொள்ளு கொஞ்சம், உப்புக்கட்டி, நிறையத் தண்ணீர். அதற்கு மேல் வேலைக்குத் தகுந்தபடி.

ஐப்பசி, கார்த்திகை மழையில் கவலை வயிற்றிலிருந்து காலுக்கு இறங்கும். சேற்றில் நின்றால் குளம்பின் அடி அழுகி நாறத் தொடங்கும். ஆகவே லாயத்தை மேடாக்கி மணல் கொட்டியிருக்கிறேன். காலையும் மாலையும் நாலு குளம்பையும் தூக்கிச் சுரண்டிப் பார்ப்பேன். ஆறேழு வாரத்துக்கு ஒருமுறை குளம்பைச் சீவ வேண்டும். அதற்கு ஆள் கிடைப்பதுதான் கஷ்டம். மாட்டைக் கயிறு போட்டுச் சாய்த்து, பிளந்த குளம்புக்கு இரண்டு துண்டாக லாடம் கட்டுபவர் இந்தப் பக்கம் இன்னும் ஒருவர் இருவர் உண்டு. குதிரை நின்றபடியே காலைக் கொடுக்க வேண்டிய பிராணி. ஒற்றைக் குளம்பு, ஆணி ஒரு நூல் உள்ளே போனாலும் நொண்டிவிடும்.

காலைக் கொடுக்க அதைப் பழக்குவதுதான் என் பார்வையில் பயிற்சியின் முதல் பாடம். தோளிலிருந்து கையைத் தடவிக்கொண்டே முழங்கால் வரை இறக்கி, அது எடையை மாற்றிக்கொள்ளும் வரை காத்திருக்க வேண்டும். தூக்கியதும் உடனே விட்டுவிட வேண்டும். சேணமும் சவாரியும் பிறகு. மூன்று வயது ஆகாத குட்டிமேல் ஆளை ஏற்றுவதைப் பார்த்தால் எனக்குப் பொறுக்காது.

காணும் பொங்கலன்று திருக்கடையூர் – தரங்கம்பாடி சாலையில் ரேக்ளா பந்தயம் நடக்கும். மாடுகளுக்கு அடுத்துக் குதிரை வண்டிகள் பறக்கும். அந்த ஓட்டத்தைப் பார்த்துவிட்டு, ஆடியில் அந்தியூர்ச் சந்தைக்குப் போய்க் குதிரை வாங்கி வரலாமா என்று இளைஞர்கள் என்னிடம் கேட்பார்கள். சுழி நல்லதா, நிறம் எது ராசி என்றுதான் பேச்சு தொடங்கும். நான் கேட்பது வேறு: “தம்பி, லாடம் அடிக்க யாரு வருவா? மழைக்காலத்துல எங்க கட்டுவ? தினம் ரெண்டு மணி நேரம் அத நடத்திட்டுப் போவியா?” பதில் இருந்தால் நானும் கூடவே சந்தைக்கு வருவேன். பல் பார்த்து வயது சொல்லவும், தார் ரோட்டில் நடக்கவிட்டு நொண்டல் இருக்கிறதா என்று காதால் கேட்கவும் எனக்குத் தெரியும்.

பக்கத்தில் ஒரத்தநாட்டிலேயே கால்நடை மருத்துவக் கல்லூரி இருக்கிறது. மாட்டு லாடக்காரர்களின் பிள்ளைகள் சிலருக்காவது அங்கே குதிரை லாடம் கற்றுக்கொடுத்தால், டிராக்டர் வந்து படுத்துப்போன அவர்கள் தொழிலும் நிமிரும், இந்தப் பக்கத்துக் குதிரைகளும் பிழைக்கும். கேட்டு எழுதப்போகிறேன்.