மலைச்சந்தையில் ஒரு கிளிமீன்

கொடைக்கானலின் ஞாயிற்றுக்கிழமைச் சந்தைக்குக் கடல்மீன் பனிக்கட்டிப் பெட்டிகளில் மலையேறி வருகிறது. சென்ற மாதம் மத்திக்கும் சங்கராவுக்கும் நடுவே, நீலமும் பச்சையும் கலந்த உடலும் கிளியின் அலகு போன்ற வாயுமாக ஒரு மீன் கிடக்கக் கண்டேன். “கிளிமீன், ஹஜ்ரத். கீழக்கரைச் சரக்கு” என்றார் கடைக்காரர். பிறந்த ஊரின் பெயர் காதில் விழுந்ததும் பேரம் பேச நா எழவில்லை, வாங்கிவிட்டேன்.

அன்றிரவு ஊரிலிருக்கும் என் சாச்சி மகனிடம் தொலைபேசியில் இதைச் சொன்னேன். கல்லைக் கட்டிப் பாறைமேல் கூடு இறக்கி மீன் பிடிப்பவர் அவர். “நம் சின்ன வயதில் அதை யார் சீண்டினார்கள், காக்கா? இப்போது அதைத்தான் கேட்கிறார்கள். கூடு போடாவிட்டால் அடுப்பு எரியாதே!” என்றார்.

அர்ரஹ்மான் அத்தியாயத்தில் ‘மர்ஜான்’ என்ற சொல் வரும்போதெல்லாம் மாணவர் பொருள் கேட்பர். சிறுமுத்து என்பாரும் செம்பவளம் என்பாரும் உரையாசிரியருள் உண்டு. நம் மன்னார் வளைகுடாவில் இருப்பதோ அணிகலனுக்காகும் செம்பவளமன்று, முருகைக்கல். நான் பிறந்த வீட்டின் சுவரும் அதுவே, சுண்ணாம்பும் அதுவே. அவ்வாறு வெட்டி வெட்டித்தான் அங்குள்ள 21 தீவுகளுள் பூவரசன்பட்டியும் விலாங்குசல்லியும் நீருள் தாழ்ந்தன. 1986-இல் அப்பகுதி கடல்சார் தேசியப் பூங்காவாயிற்று. 2001-இல் முருகைக்குச் சட்டத்தின் முழுக்காவல் கிட்டியது. கல்லுக்குக் காவல் வந்தது. ஆனால் அந்தக் கல்லைத் துப்புரவாக்கி வாழவைப்பது எது என்று நம்மவர் எண்ணினோமா?

கிளிமீன்தான் அந்தத் துப்புரவாளி. பாறையில் படரும் பாசியை அலகால் சுரண்டித் தின்னும். உடன் விழுங்கிய கல்லை மணலாக வெளியேற்றும். பாசி அகன்ற வெற்றிடத்தில்தான் முருகையின் குஞ்சு ஒட்டி வளர முடியும். கடல் சூடேறிய 2010-லும் 2016-லும் அங்கே முருகைகள் வெளுத்து மடிந்தன. மடிந்த இடத்தை முதலில் பற்றுவது பாசி. அதை மேய மீனில்லையேல் பாறை மீள்வது எவ்வாறு? கூடு கிளைகளை முறிக்கிறது. இழுவைமடி கிளப்பும் சேறு உயிருள்ள முருகையின்மேல் படிகிறது. மீனவரை மட்டும் குற்றம் சொல்வதும் நீதியாகாது. கரையிலிருந்து நாம் விடும் கழிவுநீரும் பாசிக்கு உரமாகிறதே!

என் சன்னலுக்கு எதிரே பழனிமலைப் புல்வெளி ஒன்று இருந்தது. எப்போதோ நடப்பட்ட சீகையும் பைனும் பரவி அதை விழுங்கிவிட்டன. பாசி மூடிய பாறையை நான் கடலுக்குள் இறங்கிப் பார்த்ததில்லை. இந்தச் சரிவைப் பார்க்கும்போது ஒருவாறு விளங்குகிறது.

அடுத்த ஞாயிறன்று கடைக்காரர் எனக்கென்றே ஒரு கிளிமீனை எடுத்து வைத்திருந்தார். நான் மத்தி வாங்கித் திரும்பினேன். சாச்சி மகனிடம் இதை இன்னும் சொல்லவில்லை.