ஆட்டக்காரர் ஆசிரியரானபோது

இப்னு மாலிக்கின் அல்ஃபிய்யாவைத் தங்குதடையின்றி ஒப்பிக்கும் ஆலிம்கள் நம்மிடையே உண்டு. அதன் ஆயிரம் பாடல்களில் எங்கே தொட்டாலும் அடுத்த அடி அவர்கள் நாவில் வந்து நிற்கும். ஆயினும், எதிரே பத்து மாணவர்களை உட்கார வைத்து, "ஹள்ரத், இந்த அடியின் கருத்து இவர்களுக்கு விளங்கும்படி ஓதிக்கொடுங்கள்" என்று வேண்டினால் அவர்களுள் சிலர் திகைத்துப் போவதுண்டு. வேறு சிலரோ, தாம் மாணவராயிருந்தபோது அவ்வளவாகச் சிறந்து விளங்காதவர்கள். அவர்களிடம் ஓதியவன் வாழ்நாள் முழுவதும் இலக்கணம் பிழைக்கமாட்டான். கற்பது ஒரு கலை. கற்பிப்பது மற்றொரு கலை. இரண்டும் ஒருவரிடமே கூடுவது அரிது. அப்படிக் கூடியவரின் கதை எத்துறையைச் சார்ந்ததாயினும் ஆசிரியத் தொழிலில் இருப்போரின் மனத்தை ஈர்க்கவே செய்யும்.

கால்பந்தாட்டக்காரர் ஒருவரைப் பற்றி எழுதப் புகுந்து அல்ஃபிய்யாவில் தொடங்குவானேன் என்று வாசகர்கள் புருவத்தை நெரிக்கலாம். நம் வீட்டுப் பிள்ளைகளுக்கு இவரை நாம் அறிமுகப்படுத்த வேண்டியதில்லை. பெரியவர்களுக்கே சற்று விரித்துரைக்க வேண்டும். உலகம் ஜினெதின் ஜிடான் என்று அழைக்கும் அவருடைய முழுப்பெயரை அரபு முறைப்படி ஒலித்தால் ஸைனுத்தீன் யஸீத் ஸைதான் என்றாகும். ஸைனுத்தீன் என்பது மார்க்கத்தின் அணிகலன் எனப் பொருள்படும். நம் வீடுகளிலும் வழங்கும் பெயரே. யஸீத் என்பதோ கர்பலாவின் நினைவால் நம்மில் எவரும் சூட்டத் தயங்கும் பெயர். மஃக்ரிபு நாட்டாருக்கு அத்தயக்கம் இல்லை. குடும்பத்தாரும் பழைய நண்பர்களும் அவரை அப்பெயராலேயே அழைக்கின்றனர். யஸீத், ஸைதான் ஆகிய இரண்டும் "பெருகுதல்" என்னும் ஒரே வேர்ச்சொல்லிலிருந்து கிளைத்தவை என்பதை ஸர்ஃப் ஓதிய மாணவன் உடனே கண்டுகொள்வான்.

பெயர் அரபியாயினும் குலம் அரபுக் குலமன்று. தந்தை இஸ்மாயீல் அல்ஜீரியாவின் கபீலியா மலைநாட்டைச் சேர்ந்தவர், பெர்பர் இனத்தவர். 1953-இல் பிழைப்புத் தேடிப் பாரிஸை அடுத்த ஸான் தெனிக்கு வந்து கட்டட வேலை செய்தார். 1962-இல் அல்ஜீரியா விடுதலை பெற்றதும் தாயகம் திரும்பப் புறப்பட்டவர், கப்பலேற வேண்டிய மார்செய் துறைமுக நகரில் மலிக்காவைச் சந்தித்து மணம் புரிந்து அங்கேயே தங்கிவிட்டார். அவர் போய்ச் சேராத அந்த நாட்டின் அணிச் சட்டையை, 2025-இல் அவருடைய பேரர் லூக்கா இலக்குக் காவலராக அணிந்தார்.

1972 ஜூன் 23-இல் பிறந்த ஜிடான் வளர்ந்தது மார்செய் நகரின் வடக்கே லா கஸ்தெலான் என்னும் அடுக்குமாடிக் குடியிருப்பில். தந்தை கடையொன்றில் கிடங்கு வேலையும் இரவுக் காவலும் பார்த்தார். குடியிருப்பின் நடுவிலிருந்த சிமெந்துத் தரைதான் பிள்ளைகளுக்கு மைதானம். விழுந்தால் முழங்கால் தேயும் இடத்தில், விழாமல் பந்தைக் காப்பதே முதற்பாடம். பிற்காலத்தில், ஒரு காலால் பந்தை இழுத்து, உடலைச் சுழற்றி, மறு காலால் அதைக் கடத்திச் செல்லும் அவருடைய சுழற்சியைக் கண்டு பெரும் அரங்குகள் வாய்பிளந்தன. ஒரு முழ இடமிருந்தால் போதும் என்னும் அந்தச் சிக்கனம், நெருக்கடியான குடியிருப்பு தந்த சொத்து என்றே நாம் கருதுகிறோம்.

பதினான்காம் வயதில் ழான் வரோ என்பவரின் கண்ணில் பட்டு, கான் நகரத்துச் சங்கத்துக்குச் சென்றார். 1989 மே மாதம், பதினாறு வயதிலேயே முதல் பிரிவில் ஆடினார். 1992 முதல் போர்தோ, 1996 முதல் இத்தாலியின் யுவென்டஸ், 2001 முதல் ரியல் மாட்ரிட் என ஏணி உயர்ந்தது. 1998 ஜூலை 12 அன்று, தந்தை முன்பு கட்டட வேலை பார்த்த அதே ஸான் தெனியில் எழுந்த புதிய அரங்கில், பிரேசிலுக்கு எதிராக இருமுறை தலையால் முட்டிக் கோல் அடித்தார். பிரான்ஸ் 3-0 என வென்று முதன்முறையாக உலகக் கோப்பையை ஏந்தியது. 2002-இல் கிளாஸ்கோவில், வானிலிருந்து இறங்கிய பந்தை வலக்கால் பழக்கமுள்ள அவர் இடக்காலால் அறைந்து மாட்ரிடுக்கு ஐரோப்பியக் கோப்பையைப் பெற்றுத் தந்ததை அறியாத கால்பந்து ரசிகர் இல்லை. இவற்றையெல்லாம் பாடிப் பரவுவோர் ஏராளம். நாம் கடந்து செல்வோம்.

கடந்து செல்ல முடியாதது அவருடைய சினம். சிறுவனாகக் கானுக்கு வந்த புதிதில், தம் குடியிருப்பை இழித்துப் பேசிய எதிராளியைக் குத்தியதற்காகத் துப்புரவுப் பணியைத் தண்டனையாகப் பெற்றவர் அவர். 1998 உலகக் கோப்பையிலேயே சவூதி அரேபியாவுடனான ஆட்டத்தில் எதிரணி வீரரைக் காலால் மிதித்துச் சிவப்பு அட்டை பெற்று, இரண்டு ஆட்டங்கள் வெளியே உட்கார்ந்தார். விளையாட்டு வாழ்வு முழுவதிலும் 14 முறை களத்தைவிட்டு வெளியேற்றப்பட்டிருக்கிறார். அவற்றுள் இறுதியானது 2006 ஜூலை 9 அன்று பெர்லினில், உலகக் கோப்பையின் இறுதி ஆட்டத்தில், அவர் வாழ்வின் கடைசிப் போட்டியில் நேர்ந்தது. 7-ஆம் நிமிடத்தில் தண்டனை உதையை மென்மையாக மிதக்கவிட்டுக் கோலாக்கியவர், 110-ஆம் நிமிடத்தில் இத்தாலியின் மெட்டராஸியின் வார்த்தையைப் பொறாமல் அவர் மார்பில் தலையால் முட்டினார். பிரான்ஸ் தண்டனை உதைகளில் 5-3 எனத் தோற்றது.

சில நாட்களுக்குப்பின் தொலைக்காட்சியில் தோன்றி, அக்காட்சியைக் கண்ட குழந்தைகளிடம் மன்னிப்புக் கேட்டார். ஆனால், செய்ததற்கு வருந்தவில்லை, வருந்தினால் அந்தச் சொற்கள் சரியென்று ஆகிவிடும் என்றார். அக்காலத்தில் நம்மவர் பலர் அதைத் தன்மானத்தின் செயலென்று கொண்டாடினர். நமக்கு அதில் உடன்பாடில்லை. மெய்யான வலிமை எதில் இருக்கிறது என்பதைப் பற்றிய நபிமொழியை நம் பிள்ளைகள் மக்தபிலேயே ஓதிவிடுகிறார்கள். அதற்கு உலகக் கோப்பை இறுதியாட்டம் விலக்காகாது. மூன்று ஆட்டத் தடைக்கு ஈடாக மூன்று நாள் சிறுவர்களுக்கான தொண்டும், 7,500 சுவிஸ் பிராங்கு அபராதமும் விதிக்கப்பட்டன.

இன்னொன்றையும் இங்கே சொல்லிவிட வேண்டும். அவரை இஸ்லாத்தின் வீரராகச் சுவரொட்டியில் ஏற்றுவோர் உளர். தாம் ஒரு முஸ்லிமே என்றும், ஆனால் மார்க்கக் கடமைகளைப் பேணி நடப்பவரல்லர் என்றும் தம்மைப் பற்றித் தாமே கூறியவர் அவர். அவர் சொன்னதற்கு மேலாக அவரை வலியாக்கவும் வேண்டாம்; அதைக் கொண்டு அவரைத் தள்ளி வைக்கவும் வேண்டாம். உள்ளதை உள்ளபடி ஏற்பதே நேர்மை.

சினமும் கலையும் ஒருசேரக் குடிகொண்ட இந்த மனிதர் மற்றவர்களுக்குப் பயிற்சியளிப்பார் என்று 2006-இல் எவரும் எண்ணியிருக்க மாட்டார்கள். நடுக்களத்தில் நின்று ஆட்டத்தை இயக்குபவனுக்கு எல்லாத் திசையும் தெரியும் என்பது உண்மை. நடுக்கள ஆட்டக்காரர்கள் பலர் நல்ல பயிற்சியாளர்களாவது அதனாலேயே எனலாம். ஆனால் பிறவி மேதைக்கு ஒரு குறையுண்டு. தனக்கு எளிதாக வந்தது பிறருக்கு ஏன் வரவில்லை என்பது அவனுக்கு விளங்காது. "இப்படிச் செய்" என்று செய்து காட்டுவான். எப்படி என்று கேட்டால் மீண்டும் செய்து காட்டுவான். நம் மத்ரஸாக்களிலும் இத்தகைய உஸ்தாதுகளைக் கண்டிருக்கிறோம்.

ஜிடான் செய்தது, மீண்டும் மாணவராய் உட்கார்ந்ததுதான். லிமோஜ் நகரின் விளையாட்டுச் சட்ட, பொருளாதார மையத்தில் சங்க நிர்வாகப் படிப்பை முடித்தார். பின்னர் பயிற்சியாளருக்குரிய பாடங்களைப் படிப்படியாகக் கற்றார். 2013-இல் ரியல் மாட்ரிடில் கார்லோ அன்செலோட்டியின் உதவியாளரானார். அன்செலோட்டி தாமும் நடுக்கள ஆட்டக்காரராயிருந்து பயிற்சியாளரானவர். யுவென்டஸில் ஜிடானுக்கே பயிற்சியளித்தவர். அவரோ மிலான் சங்கத்தில் அர்ரிகோ சாக்கியிடம் பயின்றவர். நம் மொழியில் சொல்வதானால், இது ஓர் ஸனதுத் தொடர். உலகின் தலைசிறந்த ஆட்டக்காரர் ஒருவர், ஓராண்டு முழுவதும் தம் பழைய ஆசானின் பக்கத்தில் இரண்டாமவராக நின்று, பயிற்சிக் களத்தில் கூம்புகளை அடுக்கவும் தயங்காத மனநிலையில் இருந்தார் என்றால், அந்த அடக்கத்துக்கு நாம் தலைவணங்குகிறோம். அவ்வாண்டு லிஸ்பனில் அச்சங்கம் தன் பத்தாவது ஐரோப்பியக் கோப்பையை வென்றது.

2014-இல் அச்சங்கத்தின் இரண்டாம் அணியான கஸ்தீயாவின் பொறுப்பு அவரிடம் வந்தது. அப்போதுதான் ஒரு வேடிக்கை நிகழ்ந்தது. அப்பிரிவில் தலைமைப் பயிற்சியாளராவதற்குரிய உயர்தரச் சான்று அவரிடம் இன்னும் இல்லை என்று முறையீடு எழ, ஸ்பெயின் கால்பந்துச் சம்மேளனம் அவருக்கு மூன்று மாதத் தடை விதித்தது. மேல்முறையீட்டின்பின் தடை நிறுத்தப்பட்டது. உலகக் கோப்பை வென்றவருக்குக் காகிதச் சான்று எதற்கு என்று ஏளனம் செய்தவர்கள் ஏராளம். நாம் முறையிட்டவர்கள் பக்கமே நிற்போம். இஜாஸா பெறாதவர், எவ்வளவு பெரிய அறிவாளியாயினும், ஹதீஸைத் தம் பெயரால் அறிவிக்க நம் முன்னோர் இடம் தந்ததில்லை. அறிவுக்கு ஐயப்பட்டு அவர்கள் அவ்விதி செய்யவில்லை. கற்பிக்கும் உரிமை யாரிடமிருந்து யாருக்கு வந்தது என்பதைத் துலக்கமாக வைத்துக்கொள்ளவே செய்தார்கள். ஜிடானும் விதியை இகழ்ந்து நிற்கவில்லை. படிப்பைத் தொடர்ந்தார், அதன் பகுதியாக 2015-இல் மியூனிக் சென்று கார்டியோலாவின் பயிற்சியைக் கரையில் நின்று பார்த்துக் குறிப்பெடுத்தார், அவ்வாண்டே உயர்தரச் சான்றும் பெற்றார். இரண்டாம் அணி தொடக்கத்தில் தோல்விகளைக் கண்டது. பருவ முடிவில் மேல் பிரிவுக்கு உயரவும் இல்லை.

2016 ஜனவரி 4 அன்று முதல் அணி அவர் கைக்கு வந்தது. அதன்பின் நிகழ்ந்ததில் கோப்பைகளைவிட நம்மைக் கவர்ந்தது ஒரு தேர்வு. இதற்குச் சற்றே பின்னோக்கிச் செல்ல வேண்டும். ஜிடான் மாட்ரிடில் ஆடிய காலத்தில், அவருக்குப் பின்னால் நின்று எதிரிகளிடமிருந்து பந்தைப் பறித்து அவர் காலில் சேர்ப்பிக்கும் கடின உழைப்பாளியாக மக்கலேலே இருந்தார். 2003-இல் சங்கம் அவரைச் செல்சிக்குப் போகவிட்டு, புகழ்மிக்க பெக்காமைக் கொணர்ந்தது. அதன்பின் ஜிடான் ஓய்வுபெறும் வரை, மூன்று ஆண்டுகளில், அவர்களுக்கு லீக் பட்டமும் கிட்டவில்லை. ஐரோப்பியக் கோப்பையும் கிட்டவில்லை. மாலையில் மலர்கள் மிகுந்தன, நாரைத்தான் காணோம்.

பயிற்சியாளரான ஜிடான் அதை மறக்கவில்லை. 2015 நவம்பரில், முந்தைய பயிற்சியாளரின் கீழ், பார்சிலோனாவிடம் 0-4 எனத் தோற்ற அணியில் நட்சத்திரங்களுக்குக் குறைவில்லை. பந்து பறிக்கும் கஸெமிரோ மட்டும் வெளியே உட்கார்ந்திருந்தார். ஜிடான் அவரை நடுக்களத்தின் அடித்தளமாக நிறுத்தினார். இருபுறமும் மோட்ரிச், குரோஸ். 2016 ஏப்ரலில் அதே பார்சிலோனாவை அதன் சொந்தக் களத்திலேயே 2-1 என வென்றார்கள். தாம் வாழ்நாளெல்லாம் செய்யாத வேலையின் அருமையை, அதனால் பயன்பெற்றவர் என்ற முறையில் அறிந்து, அவ்வேலை செய்பவனுக்கு இடம் தந்தார். கலைஞர் ஒருவர் உழைப்பாளியை உயர்த்தியது இது.

மற்றொன்று, ரொனால்டோவைச் சில ஆட்டங்களில் ஓய்வெடுக்க இசையச் செய்தது. ஒரு நிமிடம் வெளியே உட்காரவும் ஒப்பாத வீரர் அவர். முப்பத்திரண்டு வயதில் எல்லா ஆட்டமும் ஆடினால் மே மாதம் கால் ஓடாது என்பதை, தாமும் அந்த வயதைக் கடந்தவர் சொன்னபோது கேட்டார். இரண்டாம் நிலை வீரர்கள் லீக் ஆட்டங்கள் பலவற்றை ஆடினர். அவ்விதம் 2016-17 பருவத்தில் லீக் பட்டமும் ஐரோப்பியக் கோப்பையும் ஒருங்கே வந்தன. இடையே தொடர்ந்து 40 ஆட்டங்களில் தோல்வியே இல்லை. மிலானில் 2016, கார்டிப்பில் 2017, கீவில் 2018 என அடுத்தடுத்து மூன்று ஐரோப்பியக் கோப்பைகள். சங்கங்கள் தொடர்ச்சியாக மூன்று வென்றதுண்டு. ஒரே பயிற்சியாளர் வென்றது அதுவே முதல் முறை. கீவிலிருந்து திரும்பிய ஐந்தாம் நாள், இவ்வணிக்கு இனி வேறொரு குரல் தேவை என்று கூறிப் பதவி விலகினார். மாணவர்களுக்குத் தம் குரல் பழகிப்போயிற்று என்று உணர்ந்து எழுந்துபோகும் ஆசிரியர்கள் எத்தனை பேர்?

முற்றாகப் போய்விடவில்லை. 2019 மார்ச்சில் அழைக்கப்பட்டுத் திரும்பினார். 2021 மே மாதம், சங்கம் தம்மீது நம்பிக்கை காட்டவில்லை என்று ரசிகர்களுக்கு வெளிப்படையாகக் கடிதம் எழுதிவிட்டு மீண்டும் விலகினார். அந்த மனத்தாங்கலில் யார் பக்கம் நியாயம் என்று ஆராய நமக்கு அவசியமில்லை. அந்த இரண்டாம் வரவில் நாம் நினைவில் வைத்திருப்பது 2020-ஆம் ஆண்டின் கோடை. தொற்றுநோயால் நின்றிருந்த லீக் ஜூன் மாதம் மீண்டும் தொடங்கியது. பார்வையாளர்களுக்கு அனுமதியில்லை; பெரிய அரங்கில் திருத்த வேலைகள். ஆகவே சங்கத்தின் பயிற்சித் திடலுக்குள்ளேயே இருக்கும் சிற்றரங்கில் மாட்ரிட் ஆடியது. தொடர்ந்து பத்து ஆட்டங்களை வென்று, ஜூலை 16 அன்று வில்லாரியலை 2-1 எனத் தோற்கடித்துப் பட்டத்தைப் பெற்றது. கைதட்ட ஆளில்லை, வீரர்கள் கூவியதும் பந்து உதைபட்டதுமே கேட்டன. கஸ்தீயாப் பையன்களை வைத்துக்கொண்டு, சான்றிதழ் கைக்கு வராத நாட்களில், ஜிடான் பயிற்றுவிக்கத் தொடங்கியது அந்தச் சிற்றரங்கில்தான்.