யார் உண்மையான ஸ்பைடர்மேன்?

போன தவணைப் பரீட்சை முடிந்த கிழமை. வெளியில் நல்ல மழை, விளையாட்டுப் பாடம் நடக்கவில்லை. தரம் 10 பெடியளை வகுப்புக்குள் வைத்திருக்க வேண்டிய பொறுப்பு எங்கள் தலையில். கணக்குப் புத்தகத்தைத் திறக்கச் சொன்னால் சாபம் விழும் என்று தெரிந்ததால் பேசாமல் இருந்துவிட்டோம். பத்து நிமிடத்தில் பின்வாங்கிலில் சண்டை. உண்மையான ஸ்பைடர்மேன் யார்? டோபி மக்வயரா, ஆண்ட்ரூ கார்ஃபீல்டா, டொம் ஹொலண்டா?

கடைசியில் தீர்ப்புக்கு எங்களிடம் வந்தார்கள். யோசிக்கவே இல்லை, "டோபி மக்வயர்தான், இதில என்ன கேள்வி" என்று சொல்லிவிட்டோம். பாதி வகுப்பு கை தட்டியது. யன்னல் பக்கத்தில் இருந்த ஒருவன் மட்டும் மெதுவாகக் கேட்டான்: "சேர், நீங்கள் முதல் பாத்தது அதுதானே?"

அதற்குப் பதில் சொல்லமுன் மணி அடித்துவிட்டது. ஆனால் கேள்வி வீடு வரைக்கும் வந்தது. அச்சுவேலிச் சந்தியில் மரக்கறி வாங்கும்போதும் மண்டைக்குள் அதுதான். ஆகவே இது கொஞ்சம் நீளமான பதிவு. படம் பார்க்காத அன்பர்கள் பொறுத்துக்கொள்ள வேண்டும்.

நாங்கள் முதல் பார்த்தது அதுதான். 2002இல் வந்த படத்தை அடுத்த வருடம் புத்தளத்தில் பார்த்தோம். 1990 ஒக்ரோபரில் வடக்கிலிருந்து வெளியேற்றப்பட்ட குடும்பங்களின் பிள்ளைகள் நாங்கள். கிடுகுக் கொட்டில்கள் மெல்ல மெல்லக் கல்வீடாகிக்கொண்டிருந்த காலம். எங்கள் ஒழுங்கையில் ஒரு வீட்டில்தான் சீடி போடும் பெட்டி இருந்தது. படம் ஆங்கிலம், சீடியில் கீறல். ஏழெட்டுப் பெடியள் பாயில் நெருக்கியடித்து இருந்தோம். வசனம் ஒன்றும் விளங்கவில்லை. ஆனால் அந்தப் பையனை வளர்த்த பென் மாமா (தகப்பனின் சகோதரன் என்பதால் எங்கள் முறைக்குப் பெரியப்பா) தெருவில் விழுந்து கிடக்கும் இடத்துக்கு மொழி தேவைப்படவில்லை. தான் பிடிக்காமல் விட்ட கள்ளன்தான் அவரைக் கொன்றவன் என்று அவனுக்குத் தெரியவரும் இடத்தில் ஒரு பெடியனும் மூச்சு விடவில்லை.

அந்தப் பாய், அந்தக் கீறல், படம் நின்றுபோகும்போதெல்லாம் வீட்டுக்கார ராத்தா வந்து சீடியைச் சாறத்தால் துடைத்துப் போட்டது, எல்லாம் சேர்ந்ததுதான் எங்களுக்கு ஸ்பைடர்மேன். டோபி மக்வயர் அதில் ஒரு பங்குதான். பெடியன் கண்டுபிடித்தது அதைத்தான்.

இந்த 'ரீபூட்' என்ற சொல் கணினியிலிருந்து வந்தது. இயந்திரம் மக்கர் பண்ணினால் நிறுத்தித் திரும்பப் போடுவோமே, அது. ஒரு நாயகனின் படவரிசை களைத்துப்போனால் பழையதை மறந்துவிட்டுப் புது நடிகர், புது இயக்குநருடன் முதலிலிருந்து தொடங்குவார்கள். ஆனால் கணினி எல்லாவற்றையும் மறந்துவிட்டுத் திரும்ப வரும். பார்க்கிறவன் மறப்பதில்லையே.

2012இல் வந்த 'தி அமேசிங் ஸ்பைடர்மேன்' அந்தக் கணக்கில்தான் பிழைத்தது. சாம் ரைமியின் மூன்றாவது படம் வந்தது 2007இல். நான்காவதை எடுக்க இருந்த திட்டத்தை 2010இல் சோனி கைவிட்டு, மார்க் வெப் என்ற இயக்குநரைப் பிடித்து எல்லாவற்றையும் புதிதாகத் தொடங்கியது. முதற் படம் வந்து பத்து வருடம், மூன்றாவது வந்து ஐந்தே வருடம். அதற்குள் திரும்பவும் சிலந்தி கடிக்கிறது, திரும்பவும் பென் மாமா சாகிறார். கார்ஃபீல்ட் மோசமான நடிகர் இல்லை. அந்தப் பையனின் வாய்க்கொழுப்பும் தவிப்பும் அவரிடம் நன்றாகவே வந்தன. ஆனால் நாங்கள் ஏற்கனவே ஒருமுறை அழுத சாவுக்கு இன்னொருமுறை அழு என்று கேட்டால் எரிச்சல்தான் வரும். 'டோபி மாதிரி இல்லை' என்று படம் முடியமுன்னமே தீர்ப்பெழுதிவிட்டோம். 2014இல் இரண்டாவது படம் வந்தது. அதோடு அவரை வீட்டுக்கு அனுப்பினார்கள்.

அடுத்து வந்த டொம் ஹொலண்டுக்கு அந்தப் பிழையைச் செய்யவில்லை. 2016இல் 'கப்டன் அமெரிக்கா: சிவில் வோர்' படத்தில் ஏற்கனவே சிலந்தி கடித்து முடிந்த பையனாக வந்து நின்றார். 2017இல் வந்த தனிப் படத்திலும் சிலந்தி கடிப்பதைக் காட்டவில்லை, மாமா சாவதைக் காட்டவில்லை. உங்களுக்குத் தெரியும்தானே என்று எங்களை நம்பி விட்டுவிட்டார்கள். 2022இல் வந்த பேட்மேன் படத்திலும் இதே மரியாதை: தாயும் தகப்பனும் சுடப்படும் காட்சி இல்லை.

ஆனால் எல்லாப் பழியையும் படம் எடுக்கிறவர்கள்மேல் போட முடியாது. பார்க்கிற நாங்களும் லேசுப்பட்ட ஆட்கள் இல்லை. சூப்பர்மேனைப் பாருங்கள். 1978இல் கிறிஸ்டோபர் ரீவ் நடித்த படத்தின்மேல் அவ்வளவு பக்தி. 2006இல் 'சூப்பர்மேன் ரிட்டர்ன்ஸ்' எடுத்தவர்கள் அந்தப் பக்தியை மதித்து, ரீவின் சாயலுள்ள நடிகரையே பிடித்து, அதே பழைய முகப்பு இசையையும் போட்டுத் தந்தார்கள். என்ன சொன்னோம்? பழசையே திரும்பத் தந்திருக்கிறார்கள், ஒரு நல்ல சண்டை கூட இல்லை. சரி என்று 2013இல் 'மேன் ஒஃப் ஸ்டீல்' வந்தது. நகரமே நொறுங்கும் அளவுக்குச் சண்டை. கடைசியில் சூப்பர்மேன் எதிரியின் கழுத்தை முறித்துக் கொல்கிறான். அப்போது என்ன சொன்னோம்? ஐயோ, எங்கட சூப்பர்மேன் கொல்லமாட்டானே! மாப்பிள்ளை வீட்டார் சாப்பாட்டில் குறை பிடிப்பதைப் போல: உப்புக் கூடினாலும் குற்றம், குறைந்தாலும் குற்றம்.

2025 யூலையில் வந்த புது சூப்பர்மேன் கதையின் நடுவிலேயே தொடங்குகிறது. கிரகம் வெடிப்பது, குழந்தை வந்து விழுவது ஒன்றும் இல்லை. நாலு வரி எழுத்து, பிறகு வாழ்க்கையில் முதல் தடவை தோற்றுப்போய்ப் பனியில் விழுந்து கிடக்கும் சூப்பர்மேன், அவனை இழுத்துக்கொண்டு போக ஒரு குழப்படி நாய். வீட்டில் நாங்கள் எல்லாரும் சேர்ந்து பார்த்தோம். சின்னவனுக்கு நாயைத் தவிர வேறொன்றும் நினைவில்லை. இன்னும் இருபது வருடத்தில் வேறொரு சூப்பர்மேன் நாய் இல்லாமல் வந்தால், 'இது சூப்பர்மேனே இல்லை' என்று அவன் பதிவு போடுவான்.

இதெல்லாம் வெள்ளைக்காரன் வியாபாரம் என்று நினைக்க வேண்டாம். எங்கள் வீட்டில் பெரிய சண்டையே 'பில்லா'வால்தான் வந்தது. 1978இல் அமிதாப் பச்சன் நடித்த 'டொன்' 1980இல் ரஜினிக்குப் 'பில்லா' ஆனது. 2007இல் விஷ்ணுவர்தன் அஜித்தை வைத்து அதையே திரும்ப எடுத்தார். வாப்பா ரஜினியின் பில்லாவை யாழ்ப்பாணத்தில் கூட்டாளிமாரோடு தியேட்டரில் பார்த்தவர். நாங்கள் அஜித்தின் பில்லாவைப் புத்தளத்தில் பார்த்தோம். அந்தக் கறுப்புக் கண்ணாடி, கோட்டு, மலேசியாக் கட்டடங்கள், ஆறுதலான நடை! எங்களுக்கு விசர் பிடித்தது. வாப்பா பாதியில் எழும்பிவிட்டார். "இது பில்லா இல்ல. கோட்டுக் கடைப் பொம்ம."

இரண்டு நாள் கதை பேச்சில்லை. இப்போது யோசித்தால் சிரிப்பு வருகிறது, ஏனென்றால் பில்லாவின் கதையே அதுதான். உண்மையான பில்லா செத்துப் போகிறான். அவனைப் போலவே இருக்கும் இன்னொருவனைப் பொலிஸ் அதிகாரி கூட்டத்துக்குள் அனுப்புகிறார். அவன் பழைய பில்லாவைப் போல நடக்க வேண்டும், பேச வேண்டும், கூட்டத்தார் நம்ப வேண்டும். ரஜினிக்குப் பிறகு நடிக்க வந்த அஜித்தின் நிலைமையும் அதேதான்.

வாப்பாவுக்கு ரஜினி பிரச்சினை இல்லை என்பது பிறகுதான் விளங்கியது. அந்தப் படத்தை அவரோடு பார்த்த கூட்டாளிமார் இப்போது எந்தெந்த நாட்டில் என்றே அவருக்குத் தெரியாது. யுத்தம் முடிந்து யாழ்ப்பாணம் வந்து, தான் பிறந்த தெருவில் நின்று பார்த்தபோதும் அதே வசனத்தைத்தான் சொன்னார்: "இது அதில்ல." நாங்கள் இரண்டு வயதில் தூக்கிச் செல்லப்பட்டவர்கள். எங்களுக்கு ஒப்பிட 'அது' இல்லை, பார்ப்பதெல்லாம் முதற்படம். அவரோடு வாதாடி என்ன பிரயோசனம்?

பழைய ராணி காமிக்ஸ் படித்தவர்களுக்கு முகமூடி மாயாவியைத் தெரிந்திருக்கும். லீ ஃபோக் 1936இல் உருவாக்கிய ஆள். காட்டு மக்கள் அவரைச் சாகாதவர் என்று நம்புகிறார்கள். உண்மையில் தகப்பன் செத்தால் மகன் அதே முகமூடியைப் போடுகிறான், இப்போது இருப்பவர் 21ஆவது ஆள். சனத்துக்கு மாற்றமே தெரியாது. எவ்வளவு நிம்மதியான வேலை!

ஆசிரியர்களுக்கு அந்த முகமூடி கிடைப்பதில்லை. முந்தி ஒரு பள்ளிக்கூடத்துக்கு மாற்றலாகிப் போனபோது, எங்களுக்கு முன் கணிதம் படிப்பித்தவர் பிள்ளைகளுக்கு உயிர். முதல் நாளே ஒரு பிள்ளை எழும்பி, "பழைய சேர் இப்பிடிச் செய்யிறேல்ல" என்றது. நாங்கள் என்ன செய்தோம் தெரியுமா? கார்ஃபீல்டின் முதற் படம் செய்த அதே பிழை. அவர் படிப்பித்து முடித்த பின்னங்களை அடியிலிருந்து எங்கள் முறையில் திரும்பத் தொடங்கினோம். பிள்ளைகளுக்குத் தெரிந்ததைத் திரும்பச் சொல்லி எங்களை நிரூபிக்கப் பார்த்தோம். ஒரு தவணை முழுக்க அந்த வகுப்பு எங்களைப் பார்க்கவே இல்லை, எங்களுக்குப் பின்னால் நிற்கும் அவரைத்தான் பார்த்தது. பிறகொரு நாள், "அந்த சேர் எப்பிடிச் செய்தவர், காட்டுங்கோ" என்று வெண்கட்டியைப் பிள்ளையிடம் கொடுத்தோம். அவர் முறை உண்மையில் எங்களுடையதைவிடச் சுருக்கம். அதிலிருந்து தொடர்ந்தோம்.

2021 டிசெம்பரில் வந்த 'நோ வே ஹோம்' படத்தில் மூன்று ஸ்பைடர்மேனும் ஒரே திரையில் வந்தார்கள். கார்ஃபீல்டின் கதையில், 2014இல், அவன் நேசித்த பெண் உயரத்திலிருந்து விழுவாள். நூல் போய்ப் பிடிக்கும், ஆனால் பிந்திவிடும். புதுப் படத்தில் ஹொலண்டின் காதலி அதேபோல விழுகிறாள், ஹொலண்டால் எட்ட முடியவில்லை, பின்னாலேயே பாய்ந்து பிடிப்பது கார்ஃபீல்ட். பிடித்து நிலத்தில் இறக்கிவிட்டு, சுகமா என்று அவளைக் கேட்கும்போது அழுவது அவன்தான். ஏழு வருடமாக அந்த மனிசனைக் கணக்கில் எடுக்காமல் இருந்தோமே என்று வெட்கமாக இருந்தது. எங்களைப் போலக் கனபேர் அன்றைக்குத்தான் அவரைத் திரும்பிப் பார்த்தார்கள்.

மழைநாளுக்கு அடுத்த கிழமை அந்த யன்னல்பக்கப் பெடியனைச் சைக்கிள் நிறுத்துமிடத்தில் கண்டோம். "நீ சொன்னது சரி, நாங்கள் முதல் பாத்தது டோபியைத்தான்" என்றோம். சிரித்தான். அவன் எந்தக் கட்சி என்று அன்றைக்குக் கேட்கவே இல்லையே என்ற யோசனை அப்போதுதான் வந்தது.

"கார்ஃபீல்ட், சேர்."

ஏன் என்று கேட்டோம். சைக்கிள் பூட்டைத் திறந்துகொண்டே சொன்னான். அண்ணா பிரான்ஸ் போக முதல் நாள் இரவு, லப்டொப்பில் அந்த இரண்டு படத்தையும் தொடர்ந்து போட்டுக் காட்டினவராம். இரண்டாவது முடியக் காலமை நாலு மணி. ஐந்து மணிக்கு வான் வந்ததாம்.