தவறான விடைக்கு ஒரு கட்டம்

மறுநாள் காலை முதல் வகுப்பு. முந்தின நாள் சாயங்காலம் கல்லூரி வராண்டாவில் பி.எட். பிள்ளைகள் சார்ட் அட்டைகளை விரித்துப் போட்டு உட்கார்ந்திருந்தார்கள். சுற்றிலும் பசை டப்பாக்கள், ஸ்கெட்ச் பேனாக்கள், கத்தரித்துப் போட்ட காகிதத் துணுக்குகள். ஒரு பெண் மட்டும் தூணோரம் நின்று, பாடக்குறிப்பை உதடசைத்துப் படித்துக்கொண்டிருந்தாள்.

"மனப்பாடம் பண்றியாம்மா?"

"ஆமா மேடம். நடுவுல மறந்துட்டா என்ன பண்றதுன்னு பயமா இருக்கு."

நோட்டை வாங்கிப் பார்த்தேன். ஆறாம் வகுப்புக் கணக்கு, பின்னங்களை ஒப்பிடுதல். அடிக்கோல் வைத்துக் கட்டம் கட்டியிருந்தாள். முத்து முத்தான எழுத்து. ஒரு பக்கம் ஆசிரியர் செயல்பாடு, மறுபக்கம் மாணவர் செயல்பாடு. '1/2, 1/4 இவற்றில் எது பெரியது?' என்று ஆசிரியர் கேட்கிறார். '1/2 பெரியது' என்று மாணவர் சொல்கிறார். அதற்கு நேராக 'மிகச் சரி' என்ற பாராட்டையும் எழுதி வைத்திருந்தாள்.

"1/4 தான் பெரிசுன்னு ஒரு பையன் சொன்னா?"

அவள் நோட்டை வாங்கித் திரும்பப் பார்த்தாள். அதில் அதற்கு இடமே இல்லை.

கணிதம் கற்பித்தல் என்ற பாடத்தை இருபது வருடத்துக்கும் மேலாகச் சொல்லிக்கொடுத்து வருகிறேன். கையெழுத்துப் போடுவதற்காக என் மேசைக்கு வந்த பாடக்குறிப்புகளுக்குக் கணக்கில்லை. அவற்றில் வரும் குழந்தைகள் எல்லோரும் சரியான விடையே சொல்கிறார்கள். நாங்கள் சொல்லிக்கொடுத்த முறை அப்படி.

ஜெர்மானியக் கல்வியாளர் ஹெர்பார்ட்டின் வழிவந்தவர்கள் வகுத்த படிகள் நூறு வருடம் தாண்டி இன்னும் எங்கள் நோட்டுகளில் இருக்கின்றன. ஆயத்தத்தில் தொடங்கிப் பயன்படுத்திப் பார்ப்பதில் முடிகிற அந்த ஒழுங்கை நான் குறை சொல்ல மாட்டேன். முதன்முதலாக வகுப்பில் நிற்பவருக்குப் பிடித்துக்கொள்ள ஒரு கம்பி வேண்டும்.

அடுத்தது நுண்ணிலைக் கற்பித்தல். 1963-இல் ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகத்தில் டுவைட் ஆலன் குழுவினர் உருவாக்கியது. நம் நாட்டில் அதை 36 நிமிடச் சுற்றாக ஆக்கிக்கொண்டோம். 6 நிமிடம் கற்பித்தல், 6 நிமிடம் குறைநிறை பேசுதல், 12 நிமிடம் திருத்தித் திட்டமிடல், மறுபடி 6 நிமிடம் கற்பித்தல், 6 நிமிடம் குறைநிறை. ஒரு சுற்றுக்கு ஒரே ஒரு திறன். கேள்வி கேட்பது ஒரு நாள், கரும்பலகையில் எழுதுவது இன்னொரு நாள். நல்ல முறைதான். சாக்பீஸை இரண்டாக ஒடித்துச் சாய்த்துப் பிடித்தால் கிறீச்சிடாது என்பதையும், எழுதியதைக் கடைசி பெஞ்சில் போய் உட்கார்ந்து ஒருமுறை பார்க்க வேண்டும் என்பதையும் பிள்ளைகள் அங்கேதான் கற்றுக்கொள்கிறார்கள்.

ஆனால் அங்கே குழந்தைகளாக உட்காருபவர்கள் கணக்கில் பட்டம் வாங்கியவர்கள். 1/4 ஏன் பெரிதாகத் தோன்றும் என்பது அவர்களுக்கு நினைவில்லை. தெரியாமல் இருந்த காலத்தை மறந்துவிடுவதுதான் படித்தவர்களின் பெரிய கஷ்டம்.

எனக்கும் அது மறந்துதான் போயிருந்தது. நான் படித்தபோது பி.எட். ஒரே வருடம். என் முதல் வகுப்பும் பின்னம்தான். முன்வரிசைப் பையன் ஒருவன் எழுந்து தவறாக ஒரு விடை சொன்னான். "தப்பு, உட்காரு. அடுத்தது யாரு?" என்றேன். கடுமையாகச் சொல்லவில்லை, நேரம் போய்விடுமே என்ற பதற்றத்தில் வந்த வார்த்தை. பாடம் மணி அடிப்பதற்குள் முடிந்தது. வழிகாட்டி ஆசிரியை குரலையும் கரும்பலகையையும் பாராட்டி எழுதிவிட்டு, கீழே ஒரு வரி சேர்த்திருந்தார்: 'அந்தப் பையன் ஏன் அப்படிச் சொன்னான் என்று கேட்டிருக்கலாம்.' அதன் பிறகு அந்தப் பள்ளியில் நான் இருந்த நாள் வரைக்கும் அவன் கை தூக்கவே இல்லை. எத்தனையோ வகுப்புகள் எடுத்தாகிவிட்டது. அந்தக் கையை நான் இன்னும் எதிர்பார்த்துக்கொண்டிருக்கிறேன்.

2015-இலிருந்து பி.எட். இரண்டு வருடமாகிவிட்டது. முதல் வருடம் 4 வாரம், இரண்டாம் வருடம் 16 வாரம் பள்ளியிலேயே இருக்க வேண்டும். நாள்கள் கூடின. அந்த நாள்களுக்குப் பிள்ளைகளை எப்படித் தயார்செய்து அனுப்புகிறோம் என்பது எங்கள் பொறுப்பு. ஆகவே பாடக்குறிப்பில் கூடுதலாக ஒரு கட்டம் போடச் சொல்கிறேன். மாணவர் என்ன தவறு செய்யக்கூடும், எதை நினைத்து அப்படிச் செய்வார், அப்போது நான் என்ன கேட்பேன்? மூன்று வரி போதும். தூணோரம் நின்ற பெண்ணிடமும் அதைத்தான் சொன்னேன். இருட்டும்வரை யோசித்து எழுதிக்கொண்டு போனாள்.

மறுநாள் கடைசி பெஞ்சில் நான் உட்கார்ந்திருந்தேன். புதுசாகக் கட்டிய புடவை, தோளில் இரண்டு பின். வருகைப்பதிவை எடுக்கும்போது அவள் குரல் நடுங்கியது. பலகையில் 1/2, 1/4 என்று எழுதிக் கேள்வியைக் கேட்டாள்.

"1/4 மிஸ்!" பாதி வகுப்பு ஒரே குரலில் சொன்னது.

அவள் கை நோட்டுக்குப் போகவில்லை. ஜன்னலோரப் பையனைப் பார்த்து, "ஏம்ப்பா அப்படிச் சொல்ற?" என்றாள்.

"ரெண்டவிட நாலு பெரிசுல்ல மிஸ்."

"நாலு பெரிசுதான், சரி. உங்க அம்மா தக்காளி வாங்கியாரச் சொன்னா, கால் கிலோவுக்குக் காசு கூடவா, அரைக் கிலோவுக்கா?"

"அரைக் கிலோவுக்கு."

"அந்தக் காலைத்தான் இங்க இப்படி எழுதியிருக்கேன்."

பையன் பலகையைப் பார்த்தான். அவனுக்குக் காலும் தெரியும், அரையும் தெரியும்; தினமும் கடைக்குப் போகிறவன். அந்தக் கோட்டுக்கு மேலும் கீழும் நிற்கிற எண்கள்தான் அதுவென்று அவனுக்கு யாரும் சேர்த்துக் காட்டியதில்லை. அவள் ஆளுக்கொரு தாளைக் கொடுத்து மடிக்கச் சொன்னாள். ஒரு மடிப்பு, இரண்டு பாகம். மறுபடி மடித்தால் நாலு. "பாகம் கூடக் கூடத் துண்டு சின்னதாவுது மிஸ்" என்றான் அவனே. இன்னொரு மடிப்பு மடித்த சிறுமி ஒருத்தி, இதற்கு என்ன பேர் என்று கேட்டாள். அரைக்கால் என்ற சொல்லை மிஸ் எழுதிப் போட, "எங்க ஆயா ஆழாக்குன்னு ஒண்ணு வச்சிருக்கு, அதுல எட்டு ஊத்துனா ஒரு படி" என்றது அந்தக் குழந்தை. அந்த வீட்டு ஆழாக்கு 1/8 ஆகப் பலகையில் ஏறிய நேரத்தில் மணி அடித்தது.

வெளியே வந்ததும் அவள் கண் கலங்கியிருந்தது. "மதிப்பீட்டுக் கேள்வி ஒண்ணுகூடக் கேட்கல மேடம். வீட்டுப்பாடமும் குடுக்கல. மார்க் குறைஞ்சிடுமா?"

"மதிப்பீட்டை அந்தப் பையனே சொல்லிட்டானேம்மா. வீட்டுப்பாடத்த நாளைக்குக் குடு" என்றேன். ஆறுதலுக்காகச் சொல்லவில்லை. அவள் எழுதிவைத்த பாடத்தில் பாதி மிச்சமிருந்தது உண்மை. நேரத்தைப் பங்கிடுவது 16 வாரத்தில் பழகிவிடும். ஒரு குழந்தை தவறாகச் சொல்லும்போது நின்று கேட்கிற பழக்கத்தை முதல் வாரத்தில் பிடித்துக்கொள்ளாவிட்டால், பிறகு பாடப்பகுதியை முடிக்கிற அவசரம் அதற்கு இடம் விடாது. பல வருடம் வேலை பார்த்த பிறகும் "தப்பு, உட்காரு" என்றே வண்டியை ஓட்டுகிற நல்ல மனசுக்காரர்கள் பலரை எனக்குத் தெரியும்.

அடுத்த நாள் காலை இரண்டாவது பாடக்குறிப்பு கையெழுத்துக்கு வந்தது. பின்னங்களைக் கூட்டுதல். நான் சொல்லாமலேயே அந்தக் கட்டத்தைப் போட்டிருந்தாள், முன்னதைவிட அகலமாக. '1/2 + 1/4 = 2/6 என்பார்கள். மேலே உள்ளதை மேலே உள்ளதோடும், கீழே உள்ளதைக் கீழே உள்ளதோடும் கூட்டியிருப்பார்கள். அரைக் கிலோவோடு கால் கிலோ சேர்த்தால் அரைக் கிலோவைவிடக் குறையுமா என்று கேட்பேன்.'

அதற்குக் கீழே பென்சிலில் சின்னதாக ஒரு வரி: 'மேடம், ஆறாம் வகுப்பில் நானும் இப்படித்தான் போட்டேன். நேற்று ராத்திரிதான் ஞாபகம் வந்தது.'

கையெழுத்துப் போட்டுக் கொடுத்தேன். அந்தப் பென்சில் வரியை அழிக்க வேண்டாம் என்று சொல்லி அனுப்பினேன்.