குறைக்கத் தகுந்த கனம்

வெளியூர்ப் பயணம் என்றால் நம் இல்லங்களில் தராசுக்கு வேலை வந்துவிடும். வளைகுடா நாடுகளுக்குப் பிள்ளைகளை அனுப்பிய தாய்மார்கள் இதை நன்கு அறிவர். ஊறுகாயை வைத்தால் சட்டையை எடுக்க வேண்டும். சட்டையை வைத்தால் ஊறுகாயை எடுக்க வேண்டும். கனத்தைக் குறைத்தாக வேண்டும் என்பதில் எவருக்கும் ஐயமில்லை. எந்தக் கனத்தைக் குறைக்கலாம், எதைத் தொடக்கூடாது என்பதில்தான் விவேகம் தேவைப்படுகிறது.

குன்னத்தூரில் பை தைக்கும் தொழில் செய்யும் எனக்கு இக்கேள்வி புதிய உருவில் வந்தது. என் தமக்கையின் மகன் கடல்வாழ் உயிரியல் படித்தவன். பவளப்பாறைகளைக் கணக்கெடுக்கும் குழுவினருடன் லட்சத்தீவுக்குச் செல்லவிருந்தான். 1998, 2010, 2016, 2024 ஆகிய ஆண்டுகளில் கடல்நீர் அளவுக்கு மீறிச் சூடேறி அத்தீவுகளின் பவளங்கள் வெளிறிப்போயின. அவற்றில் எவை மீண்டன என்பதை நீருக்குள் மூழ்கித்தான் எண்ண முடியும். கொச்சியிலிருந்து அகத்தித் தீவுக்குச் செல்லும் விமானமோ சிறியது. அதில் ஏற்றும் பெட்டியின் ஒவ்வொரு கிலோவுக்கும் கணக்குண்டு.

ஸ்கூபா முறையில் மூழ்குவோர் காற்றடைத்த சிலிண்டரை முதுகில் சுமப்பர். 1943இல் பிரான்சு நாட்டின் கூஸ்தோவும் கான்யானும் உருவாக்கிய மூச்சுக்கருவியே இம்முறைக்கு அடித்தளம். சிலிண்டரையும் மிதவைப் பையையும் உடலோடு பிணைக்க முதுகில் ஒரு தகடு இருக்கும். அதை ‘பேக்பிளேட்’ என்பர். எஃகில் செய்தால் அது சுமார் இரண்டரை கிலோ வரும். அலுமினியமானால் ஒரு கிலோ அளவில் நிற்கும்.

“மாமா, வெளிநாடுகளில் இதைத் துணியிலும் செய்கிறார்கள். விலைதான் எனக்கு எட்டாது. நம் பக்கத்தில் கிடைக்காத துணியா, நாடாவா? நீங்கள் தைத்துத் தந்தால் போதும்” என்றான் அவன்.

அருகிலிருந்த அக்கா என்னைத்தான் பார்த்தார். “தம்பி, பள்ளிக்கூடப் பை கிழிந்தால் புத்தகம் விழும். இது கிழிந்தால்?” என்றார். அக்கேள்விக்கு விடை காணாமல் கத்தரியை எடுப்பதில்லை என்று முடிவு செய்தேன்.

முதலில் எஃகின் கனம் என்ன வேலை செய்கிறது என்பதை அறிய வேண்டியிருந்தது. மன்னார் வளைகுடாவில் நம் முன்னோர் முத்துக்குளித்த முறை இதற்குத் துணைசெய்தது. அவர்கள் கயிற்றில் கட்டிய கனத்த கல்லின் மீது கால் வைத்து இறங்குவர். அடியைத் தொட்டதும் தோணியில் இருப்பவர் கல்லை மேலே இழுத்துக்கொள்வார். கனம் இறங்குவதற்கு மட்டுமே. அதைச் சுமந்து திரியத் தேவையில்லை. தூத்துக்குடியில் 1961இல் நடந்ததே கடைசிப் பெரிய முத்துக்குளிப்பு. எனினும் அவர்கள் அறிந்திருந்த கணக்கு மாறவில்லை. இரண்டரை கிலோ எஃகு, கடல்நீருக்குள் ஏறத்தாழ 2.2 கிலோவாக உடலைக் கீழே இழுக்கும். துணிப்பலகை அவ்வாறு இழுக்காது. அக்குறையை ஈயக்கட்டிகளால் ஈடுசெய்யலாம். சிலிண்டரையும் ஈயத்தையும் மூழ்குமிடத்திலேயே தருகிறார்கள். ஆகவே அந்தக் கனத்தை விமானத்தில் ஏற்ற வேண்டியதில்லை.

அடுத்தது பிடிப்பு. நிரம்பிய சிலிண்டர் தரையில் சுமார் 17 கிலோ இருக்கும். நீருக்குள் அச்சுமை பெரும்பாலும் மறைந்துவிடும். நாடாவுக்கும் தையலுக்கும் பெருஞ்சோதனை படகிலிருந்து குதிக்கும்போதும் ஏணியில் ஏறும்போதும்தான்.

இதை மனத்தில் கொண்டு வேலையைத் தொடங்கினேன். பயணப் பைகளுக்கான தடித்த நைலான் துணியை இரண்டு மடிப்பாக வைத்து, இடையே மெல்லிய பிளாஸ்டிக் தகட்டைச் செருகினேன். சிலிண்டர் முதுகெலும்பில் அழுந்தாமல் இருக்கவே இந்த ஏற்பாடு. தோளிலும் இடுப்பிலும் சுற்றுவது இரண்டங்குல நைலான் நாடா. வெட்டில்லாத ஒரே நீளம். அது நுழையும் மேல், கீழ்த் துளைகளை இணைத்து, பலகையின் பின்புறத்தில் மேலும் இரண்டு நாடாக்களை ஓடவிட்டேன். சிலிண்டரைக் கட்டும் பட்டைகள் இந்த நாடாக்களின் மேல்தான் இறுகும். இடையில் துணி கிழிந்தாலும் நாடா நாடாவைப் பிடித்துக்கொள்ளும். அக்காவின் கேள்விக்கு இதுவே என் விடை.

பருத்தி நூல் கடல்நீரில் இற்றுவிடும் என்பதால் பாலியெஸ்டர் நூலையே பயன்படுத்தினேன். இணைப்புகளில் சதுரமும் அதனுள் பெருக்கல் குறியுமாகத் தையல் போட்டேன். கொக்கிகளையும் சிலிண்டர் பட்டைகளையும் தொழில்முறை மூழ்குவோர் வாங்கும் கடையில் ஆயத்தமாகவே வாங்கச் செய்தேன். அவற்றில் சிக்கனம் பார்க்கக் கூடாது.

முடிந்த பலகையை உப்புநீரில் ஒரு வாரம் ஊறவைத்தோம். பிறகு வேப்பமரக் கிளையில் நாடாவை மாட்டி, சிலிண்டர் இருக்க வேண்டிய இடத்தில் 60 கிலோ மணல் மூட்டையைக் கட்டி இரவு முழுவதும் தொங்கவிட்டோம். காலையில் அக்காவே ஒவ்வொரு தையலையும் விரலால் தடவிப் பார்த்தார். ஒன்றும் பிரியவில்லை. ஆயினும் அவர் அத்துடன் விடவில்லை. “உனக்கு மூழ்கக் கற்றுத் தந்தவர் பார்த்துச் சரி என்று சொல்லட்டும், அதுவரை இது கடலைப் பார்க்கக் கூடாது” என்று மகனிடம் கண்டிப்பாகச் சொல்லிவிட்டார். அந்தப் பயிற்சியாளர் நீச்சல் குளத்தில் இரண்டு நாள் சோதித்தார். நைலான் நனைந்தால் சற்று நீளும் என்பதால் நாடாவின் அளவை நீருக்குள்ளேயே சரிசெய்து, எவ்வளவு ஈயம் கூட்ட வேண்டும் என்பதையும் குறித்துக் கொடுத்தார்.

பலகை மட்டும் 450 கிராம். மிச்சப்பட்ட இரண்டு கிலோவுக்கு அக்கா முறுக்கும் அதிரசமும் கட்டினார். அவை அகத்தியில் பிள்ளையை ஏற்றுக்கொண்ட குடும்பத்தாருக்கு. அல்ஹம்துலில்லாஹ், பிள்ளை பணியை முடித்து நலமாகத் திரும்பினான்.

கடல் சார்ந்த படிப்புக்கும் பணிக்கும் இன்று நம் பிள்ளைகள் பலர் செல்கிறார்கள். “ஆபத்து, வேண்டாம்” என்று பெற்றோர் தடுப்பது எளிது. “உன் விருப்பம்” என்று விட்டுவிடுவதும் எளிது. அக்கா இரண்டையும் செய்யவில்லை. எந்த முடிச்சு உன்னைத் தாங்குகிறது, அதை யார் சோதித்தார் என்று கேட்டார். பயணத்துக்குப் புறப்படும் பிள்ளையிடம் ஒவ்வொரு வீட்டிலும் கேட்கத் தகுந்த கேள்வி அது.