எலி மீன்

தாப்பாவில் பஸ் ஸ்டேஷனைக் கேட்டால் கேமரன் மலைக்கு வழி சொல்வார்கள். கடலுக்கு வழி கேட்டால் சிரிப்பார்கள். ஆனாலும் எங்கள் வீட்டு ஹாலில் நாலடிக் கண்ணாடித் தொட்டியில் கடல் தண்ணீர் நிற்கிறது.

மூன்று வருஷத்துக்கு முன் கடையில் பார்த்தபோது அது சுண்டுவிரல் நீளம்தான். வெள்ளை உடம்பு, கறுப்புப் பொட்டுகள், விசிறி மாதிரி துடுப்பு. விலையைக் கேட்டேன், எவ்வளவு வளரும் என்று கேட்கவில்லை. மலாயில் கெராப்பு தீக்குஸ், அதாவது எலிக் கெராப்பு. மூஞ்சி அப்படி. 70 சென்டிமீட்டர் வரை வளருமாம்.

லிட்டருக்கு 35 கிராம் உப்பு. தண்ணீர் வற்றினால் நல்ல தண்ணீர்தான் ஊற்ற வேண்டும், உப்பு ஆவியாகாது. இது தெரியாமல் உப்புத் தண்ணீரையே ஊற்றி இரண்டு கோமாளி மீன்களைக் கொன்றேன். மூன்றாவதை இவரே விழுங்கிவிட்டார்.

குட்டி மீன்கள் அழகுக்கு. பெரிய மீன் வீட்டில் ஓர் ஆள் மாதிரி. காலை நிகழ்ச்சிக்காக 4 மணிக்கு விளக்கைப் போட்டால், கண்ணாடியோரம் வந்து கண்ணை உருட்டும். முகம் தெரியாத நேயர்களோடு பேசிப் பிழைக்கும் எனக்கு அது பெரிய விஷயம்.

இப்போது ஓரடியைத் தாண்டிவிட்டது. திரும்பும்போது வால் கண்ணாடியில் உரசுகிறது. கடலில் விட்டால் தொட்டி நோயும் கூடவே போகும். "சீனர் உணவகத்துல கிலோ என்ன விலை தெரியுமா?" என்றான் நண்பன். அம்மா முறைத்தார்.

பினாங்கில் ஒருவர் எட்டடித் தொட்டி வைத்திருக்கிறார். வந்து எடுத்துக்கொள்கிறேன் என்கிறார். இரண்டு வாரமாக நான்தான் ஏதாவது சாக்குச் சொல்லிக்கொண்டிருக்கிறேன்.